ஒரே உரசல், இரு தீர்ப்புகள்: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் விசில் ஏன் நிலையாக இல்லை?

2024 ஏப்ரல் 5 அன்று கிளீவ்லாந்து நகரில் நடந்த மகளிர் கல்லூரிக் கூடைப்பந்து அரையிறுதியில், ஆட்டம் முடிய 3.9 விநாடிகள் இருந்தபோது ஒரு விசில் ஒலித்தது. அயோவா 70-69 என்று ஒரே ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. பந்து கனெக்டிகட் அணியிடம் இருந்தது. கடைசி எறிதலுக்கான திட்டம் களத்தில் விரிந்துகொண்டிருந்தது. அப்போது கனெக்டிகட்டின் ஆலியா எட்வர்ட்ஸ், தம் அணித்தோழிக்கு வழி திறப்பதற்காக எதிராளியின் பாதையில் மறைப்பாக நின்றபோது நகர்ந்துவிட்டார் என்று நடுவர் ஃபவுல் அறிவித்தார். பந்து அயோவாவுக்குப் போயிற்று. ஆட்டம் 71-69 என்று முடிந்தது.

அன்றிரவு தொடங்கிய வாக்குவாதத்தில் இரண்டு தரப்புகள் இருந்தன. ஒரு தரப்பு, நகர்ந்தபடி மறைப்பது விதிப்படி ஃபவுல்தான் என்றது. மற்றொரு தரப்பு, இதே அளவு நகர்வு ஆட்டம் முழுக்கக் கண்டுகொள்ளாமல் விடப்பட்டதே, கடைசி நொடியில் மட்டும் ஏன் விசில் என்று கேட்டது. தோற்ற அணியின் பயிற்சியாளர் ஜீனோ ஔரியெம்மாவும், ஏறத்தாழ ஒவ்வொரு தாக்குதலிலும் இப்படி ஒரு ஃபவுலைச் சொல்ல முடியும் என்ற பொருளில்தான் பேசினார். இந்த இரு தரப்புகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல என்பதைப் பலர் கவனிக்கவில்லை. ஒரு தீர்ப்பு விதிநூலின்படி சரியாக இருந்துகொண்டே, அன்றைய ஆட்டத்தின் அளவுகோலின்படி நியாயமற்றதாகவும் இருக்க முடியும். ரசிகரின் எரிச்சல் பிறப்பது இந்த இடைவெளியில்தான். அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில், ‘நிலையின்மை’ என்றால் என்ன?

நடுவர் மீதான புகார்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் தீர்வைப் பற்றிய பேச்சும் குழம்பிவிடும்.

1. தவறவிட்ட தீர்ப்பு: நடுவர் பார்க்கவில்லை, அல்லது தவறாகப் பார்த்தார். இது பிழை, நிலையின்மை அல்ல.
2. ஒரே ஆட்டத்துக்குள் மாறும் அளவுகோல்: களத்தின் ஒரு முனையில் ஃபவுல் ஆனது மறு முனையில் ஆகவில்லை, முதல் பாதியில் விடப்பட்டது கடைசி நிமிடத்தில் பிடிக்கப்பட்டது.
3. ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் அளவுகோல்: செவ்வாய்க்கிழமை ஒரு நடுவர் குழுவிடம் செல்லுபடியான தடுப்பு, சனிக்கிழமை வேறொரு குழுவிடம் செல்லாமல் போகிறது.
4. பருவத்துக்குள் மாறும் அளவுகோல்: நவம்பரில் கறாராக இருந்தது பிப்ரவரியில் தளர்ந்து, மார்ச்சில் இன்னொரு வடிவம் எடுக்கிறது.

முதல் வகையைப் பெரும்பாலான ரசிகர்கள் முணுமுணுத்துவிட்டு மன்னித்துவிடுகிறார்கள். மற்ற மூன்றையும் அவர்களால் மன்னிக்க முடிவதில்லை. காரணம், இன்றைக்கு எது ஃபவுல் என்பதை முன்கூட்டியே அறிய முடியாத நிலையில், தங்கள் அணியின் ஆட்டக்காரர் எப்படி ஆடியிருக்க வேண்டும் என்று கூட அவர்களால் சொல்ல முடிவதில்லை.

தொடுதல் வேறு, ஃபவுல் வேறு

94 அடி நீளமும் 50 அடி அகலமும் கொண்ட களத்தில் பத்துப் பேர் ஒரே பந்துக்காக ஓடும்போது உடல்கள் மோதாமல் இருக்க வழியில்லை. எனவே விதிநூலே, தற்செயலான தொடுதல் ஃபவுல் ஆகாது என்று ஏற்றுக்கொள்கிறது. இருவரும் சம வாய்ப்புள்ள இடத்தில் பந்துக்காகப் பாயும்போது ஏற்படும் மோதல் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அது ஃபவுலாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அதே வேளையில், மென்மையாகத் தோன்றும் ஒரு தள்ளல், எதிராளிக்கு உரிய வாய்ப்பைப் பறித்துவிட்டால் ஃபவுல் ஆகிறது. அமெரிக்க நடுவர்கள் தங்கள் பயிற்சியில் நான்கு சொற்களை வாய்பாடு போலச் சொல்லிக்கொள்கிறார்கள்: தாளம், வேகம், சமநிலை, துரிதம். எதிராளியின் இந்த நான்கில் ஒன்றைத் தொடுதல் குலைத்ததா என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி.

இந்த வாய்பாடு அறிவார்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் நிலையின்மைக்கான முதல் விதையும் இதற்குள்தான் இருக்கிறது. ‘குலைந்ததா’ என்பதை அளக்கக் கருவி எதுவும் இல்லை. 100 கிலோ எடையுள்ள வலுவான ஆட்டக்காரர் முன்கையால் தள்ளப்பட்டும் தடுமாறாமல் போனால் விசில் வராது. மெலிந்த ஆட்டக்காரர் அதே விசையில் தள்ளாடினால் விசில் வரும். ஒரே செயலுக்கு இரண்டு தீர்ப்புகள். வாய்பாட்டின்படி இரண்டுமே சரி. வலுவான உடல் கொண்டவருக்கு இது ஒரு தண்டனை போலவே அமைந்துவிடுகிறது என்று அவரது ரசிகர்கள் சொல்வதில் உண்மை உண்டு.

இதோடு ஒரு சொற்குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. 2025 ஏப்ரல் 5 அன்று சான் அன்டோனியோவில் டியூக் அணிக்கும் ஹூஸ்டன் அணிக்கும் நடந்த ஆடவர் அரையிறுதியில், 19.6 விநாடிகள் எஞ்சியிருந்தபோது டியூக்கின் கூப்பர் ஃபிளாக் மீது ஃபவுல் அறிவிக்கப்பட்டது. வளையத்திலிருந்து திரும்பும் பந்துக்காக முன்னால் நின்ற ஜெ'வான் ராபர்ட்ஸின் மேல் அவர் எக்கினார் என்பது காரணம். ராபர்ட்ஸ் தமக்குக் கிடைத்த இரண்டு தனி எறிதல்களையும் (ஃபவுலுக்கு ஈடாக, யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு) புள்ளியாக்கி ஹூஸ்டனை 68-67 என முன்னிலைக்குக் கொண்டுவந்தார். ஆட்டம் 70-67 என்று முடிந்தது. வர்ணனையாளர்களும் ரசிகர்களும் இதை ‘முதுகுக்கு மேல்’ ஃபவுல் என்றே சொல்கிறார்கள். அப்படி ஒரு ஃபவுல் விதிநூலில் கிடையாது. உயரமானவர் முன்னால் நிற்பவரின் தலைக்கு மேலாகக் கை நீட்டிப் பந்தை எடுத்தால், தொடுதலால் அவரை இடம்பெயர்க்காத வரை, அது முற்றிலும் நியாயமான ஆட்டம். ஆகவே பார்க்க வேண்டியது கையின் உயரத்தை அல்ல. முன்னால் நின்றவரின் கையோ உடலோ அழுத்தப்பட்டதா என்பதை. விதிநூலில் இல்லாத ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நடக்கும் வாக்குவாதம் முடிவுக்கு வராது.

மோதலில் யார் குற்றவாளி: மிகக் கடினமான தீர்ப்பு

பந்தோடு வளையத்தை நோக்கிப் பாய்பவரும் அவர் வழியில் நிற்பவரும் மோதிக்கொள்ளும்போது, குற்றம் தாக்குபவர் மீதா, தடுப்பவர் மீதா? முதலாவதைச் ‘சார்ஜ்’ என்றும் இரண்டாவதைப் ‘பிளாக்’ என்றும் சொல்கிறார்கள். கல்லூரிக் கூடைப்பந்தில் இந்த ஒரு தீர்ப்பளவுக்கு அரங்கத்தை இரண்டாகப் பிளப்பது வேறெதுவும் இல்லை.

தடுப்பவர் ‘சட்டப்படியான காவல் நிலை’ பெற்றிருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. தொடக்கத்தில் அவருடைய இரு பாதங்களும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். அவர் மார்பு எதிராளியை நோக்கியிருக்க வேண்டும். அந்த நிலையைப் பெற்ற பிறகு அவர் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் நகரலாம்; நேர் மேலே குதிக்கலாம். தடுப்பவர் சிலை போல நின்றால்தான் சார்ஜ் கிடைக்கும் என்பது அரங்கில் அடிக்கடி கேட்கும் தவறான நம்பிக்கை. ‘அவர் கால் நகர்ந்ததே!’ என்ற கூச்சலில் பாதி, விதியை அறியாத கூச்சல்.

சிக்கல் நேரக்கணக்கில்தான் இருக்கிறது. எந்தக் கணத்துக்குள் தடுப்பவர் அந்த நிலையைப் பெற்றிருக்க வேண்டும் என்பதை ஆடவர் ஆட்டத்தின் விதிகள் திரும்பத் திரும்ப மாற்றியிருக்கின்றன:

1. 2011-12 பருவத்தில் வளையத்துக்குக் கீழே 3 அடி ஆரமுள்ள வளைகோடு வரையப்பட்டது. அதற்குள் நிற்கும் இரண்டாம் நிலைத் தடுப்பாளர், அதாவது முதலில் காத்தவரைத் தாண்டி வருபவரைத் தடுக்க உதவிக்கு வந்தவர், சார்ஜ் பெற முடியாது என்று ஆயிற்று.
2. 2013-14 பருவத்தில், தாக்குபவர் எறிவதற்காகவோ பந்தைக் கடத்துவதற்காகவோ மேல்நோக்கிய இயக்கத்தைத் தொடங்கிய பின் தடுப்பவர் அவர் பாதைக்குள் நகரக் கூடாது என்று மாற்றப்பட்டது.
3. அந்த மாற்றம் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. அடுத்த பருவத்திலேயே, தாக்குபவர் தரையை விட்டு எழும்புவதற்கு முன் இடம் பிடித்திருந்தால் போதும் என்று பழைய நிலைக்குத் திரும்பினார்கள்.
4. 2015-16 பருவத்தில் வளைகோட்டின் ஆரம் 4 அடியானது.
5. 2023-24 பருவத்தில், தாக்குபவர் எழும்புவதற்காகக் கடைசிப் பாதத்தை ஊன்றும் கணத்திலேயே தடுப்பவர் இடத்தில் இருந்தாக வேண்டும் என்று கணக்கு முன்னுக்கு நகர்த்தப்பட்டது.

இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் நல்ல நோக்கம் இருந்தது. வளையத்தை நோக்கி ஓடுபவரின் காலடியில் கடைசி நொடியில் வந்து விழுந்து ஃபவுல் வாங்கும் தந்திரம் ஆட்டத்தையும் கெடுத்தது, காயங்களுக்கும் இடம் கொடுத்தது. ஆனால் நடுவர் இப்போது என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தாக்குபவரின் கடைசிப் பாதம் ஊன்றிய கணம், அக்கணத்தில் தடுப்பவரின் உடல் இருந்த இடம், மோதல் மார்பில் நேராக விழுந்ததா தோளில் சாய்வாக விழுந்ததா, தடுப்பவர் வளைகோட்டுக்கு உள்ளே இருந்தாரா வெளியே இருந்தாரா, அவர் முதல் நிலைத் தடுப்பாளரா இரண்டாம் நிலையா: இத்தனையையும் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில், ஒரே ஜோடிக் கண்களால், தாமும் ஓடிக்கொண்டே அவர் பார்த்தாக வேண்டும். ரசிகரோ அதே காட்சியை மெதுவாக்கிய ஒளிப்பதிவில் ஐந்து முறை பார்த்துவிட்டுப் பேசுகிறார். இரண்டு பேரும் பார்ப்பது ஒரே ஆட்டத்தை அல்ல.

விதி மாறும்போதெல்லாம் நடுவரின் பழக்கப்பட்ட கண்ணும் மாறியாக வேண்டும். அது ஒரே இரவில் மாறுவதில்லை. விதியை மாற்றுபவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை என்பது என் கணிப்பு.

நவம்பர் விசிலும் மார்ச் விசிலும்

2012-13 பருவத்தில் ஆடவர் முதல் நிலைப் பிரிவில் ஓர் அணியின் சராசரிப் புள்ளி ஆட்டத்துக்கு 67.5 என்ற அளவுக்கு இறங்கியது. பல பத்தாண்டுகளில் காணாத வீழ்ச்சி அது. கைகளால் பிடித்தும் முன்கையால் முட்டுக்கொடுத்தும் தாக்குபவரை நகரவிடாமல் செய்யும் பாணியே இதற்குக் காரணம் என்று முடிவு செய்த விதிக்குழு, அடுத்த பருவத்தில் நான்கு செயல்களைத் தானாகவே ஃபவுல் என்று வகுத்தது. பந்தை வைத்திருப்பவர் மீது கையையோ முன்கையையோ வைத்தபடி இருப்பது, இரு கைகளையும் வைப்பது, தொடர்ந்து குத்துவதுபோல் தொடுவது, முன்கையைக் குறுக்கே கொடுத்துத் தடுப்பது ஆகியவை அவை.

அந்த நவம்பரில் விசில்கள் மழையெனக் கொட்டின. தனி எறிதல் கோட்டில் ஆட்டங்கள் இழுபட்டன, பயிற்சியாளர்கள் குமுறினார்கள். பிறகு மெல்ல மெல்ல ஒலி தணிந்தது. ஆட்டக்காரர்கள் கைகளை அடக்கக் கற்றுக்கொண்டது ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் நடுவர்களும் தளர்ந்தார்கள் என்பதே பரவலான புகார். ‘சுதந்திர நகர்வு’ என்ற பெயரில் அதே வலியுறுத்தல் பின்னர் வந்த பருவங்களிலும் மீண்டும் மீண்டும் அறிவிக்கப்பட வேண்டியிருந்ததே அப்புகாருக்கு ஒரு சான்று. ஒரு தடவை நிலைபெற்ற விதியை ஆண்டுதோறும் நினைவூட்ட வேண்டிய தேவை வந்திருக்காது அல்லவா?

நடுவருக்கு எஜமானர் யார்?

பெரும்பாலான ரசிகர்கள் அறியாத பகுதி இதுதான். என் பார்வையில் மிக முக்கியமான பகுதியும் இதுதான்.

கல்லூரி விளையாட்டின் தேசிய அமைப்பான என்சிஏஏ, விதிநூலை எழுதுகிறது. பருவ இறுதியில் 68 அணிகள் மோதும் தேசியப் போட்டிக்கு நடுவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. தேசிய ஒருங்கிணைப்பாளர் ஒருவரை வைத்துப் பயிற்சிக் காணொளிகளும் விளக்கங்களும் அனுப்புகிறது. ஆனால் நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை நடக்கும் ஆட்டங்களுக்கு நடுவர்களை அமர்த்துவது அதன் வேலை அல்ல. அது கான்ஃபரன்ஸ்கள் எனப்படும் கூட்டமைப்புகளின் வேலை. ஆடவர் முதல் நிலைப் பிரிவில் 360-க்கும் மேற்பட்ட அணிகள், முப்பதுக்கும் மேற்பட்ட கான்ஃபரன்ஸ்களாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் தனக்கென ஓர் ஒருங்கிணைப்பாளரை வைத்திருக்கிறது, அல்லது சில கான்ஃபரன்ஸ்கள் சேர்ந்து ஒருவரைப் பகிர்ந்துகொள்கின்றன.

நடுவர்களோ ஊழியர்கள் அல்லர். அவர்கள் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறும் சுயேச்சையான ஒப்பந்தக்காரர்கள். பெரிய கான்ஃபரன்ஸில் ஓர் ஆட்டத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் கிடைக்கும். சிறியவற்றில் அதில் ஒரு பங்குதான். பலர் வேறு தொழிலும் பார்க்கிறார்கள். பலரும் விரும்பி அழைக்கும் நடுவர் ஒருவர் வாரத்தில் பல இரவுகள், வெவ்வேறு நகரங்களில், வெவ்வேறு கான்ஃபரன்ஸ்களுக்காக, வெவ்வேறு சக நடுவர்களோடு களமிறங்குகிறார். அவருக்கு ஒரே நேரத்தில் பல எஜமானர்கள். அவர்களில் ஒருவர் கையால் தடுப்பதைக் கறாராகப் பிடிக்கச் சொல்லலாம், மற்றொருவர் ஆட்டத்தை ஓட விடச் சொல்லலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க, தொழில்முறை அமைப்பான என்பிஏ-வில் 30 அணிகள், பருவத்துக்கு 1,230 ஆட்டங்கள். முழுநேரப் பணியாளர்களாகச் சுமார் 75 நடுவர்கள். அனைவரும் ஒரே அலுவலகத்துக்குப் பதில் சொல்பவர்கள். கல்லூரி ஆடவர் முதல் நிலைப் பிரிவில் மட்டும் ஒரு பருவத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் நடக்கின்றன. இவ்வளவையும் நூற்றுக்கணக்கான பகுதிநேர நடுவர்கள் பங்கிட்டுக்கொள்ளும்போது, ஒரே அளவுகோல் இல்லாமல் போவதில் வியப்பில்லை.

விளைவு மார்ச் மாதத்தில் தெரிகிறது. கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் மூன்று மாதங்கள் முரட்டுத்தனமான தடுப்புக்குப் பழகிய அணி, தேசியப் போட்டியின் முதல் சுற்றில் வேறு வட்டாரங்களிலிருந்து வந்த மூன்று நடுவர்களைச் சந்திக்கிறது. அந்த மூவரும் அன்றுதான் ஒன்றாகச் சேர்ந்தவர்களாகக்கூட இருக்கலாம். பத்து நிமிடங்களில் அணியின் முக்கிய ஆட்டக்காரர்கள் இருவர் தலா இரண்டு ஃபவுல்களோடு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். ரசிகர் நடுவரைத் திட்டுகிறார். நடுவர் தவறு செய்யாமலும் இருந்திருக்கலாம். அந்த அணிக்குப் பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம்தான் வேறு.

மனம் செய்யும் சமன்பாடு

அமைப்பு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பாதி உண்மையாகிவிடும். நடுவரும் மனிதர்தான், இருபதாயிரம் பேர் ஒரே குரலில் கத்தும் அரங்கில் நிற்பவர்.

2009-இல் வெளியான ஓர் ஆய்வு, 2004-05 பருவத்தின் 365 கல்லூரி ஆட்டங்களை எடுத்து, ஒவ்வொரு ஃபவுலும் எந்த வரிசையில் அறிவிக்கப்பட்டது என்று பார்த்தது. இரு அணிகளின் ஃபவுல் எண்ணிக்கைக்கு இடையேயான வேறுபாடு கூடக் கூட, அடுத்த ஃபவுல் குறைவாக ஃபவுல் பெற்றிருந்த அணி மீது அறிவிக்கப்படும் வாய்ப்பும் கூடியது. சில சூழல்களில் அது 70 விழுக்காடு வரை சென்றது. வெளியூர் அணிகள் மீது கூடுதலாக ஃபவுல் விழுவதையும் அது கண்டது. அதாவது, நடுவர்கள் வேண்டுமென்று செய்யாவிட்டாலும், பலகையில் தெரியும் எண்கள் சமநிலைக்குத் திரும்புகின்றன.

கேட்பதற்கு இது நேர்மையானது போலத் தோன்றலாம். உண்மையில் இது முரட்டு அணிக்குக் கிடைக்கும் பரிசு. ஒழுங்காகத் தடுக்கும் அணியும் ஒவ்வொரு முறையும் இடிக்கும் அணியும் மோதினால், ஃபவுல் எண்ணிக்கை சமமாக இருப்பதுதான் அநீதி. இதே காரணத்தால், ‘எங்களுக்கு 12, அவர்களுக்கு 4’ என்று பலகையைக் காட்டிப் பாரபட்சம் என்று முறையிடும் ரசிகரின் வாதமும் தனியாக நிற்காது. எண்கள் ஏற்றத்தாழ்வாக இருப்பது எதையும் நிரூபிப்பதில்லை. எந்தச் செயலுக்கு எந்த எண் விழுந்தது என்று பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு மனச்சாய்வு, கடைசி நிமிடங்களில் விசிலை விழுங்கிக்கொள்வது. ஊதாமல் விட்ட பிழையைவிட ஊதிச் செய்த பிழையே அதிகம் கண்ணில் படும் என்பதால், நெருக்கடியான நேரத்தில் நடுவர்கள் ஒதுங்கி நிற்கத் தலைப்படுகிறார்கள். ‘ஆட்டக்காரர்களே ஆட்டத்தை முடிவு செய்யட்டும்’ என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்லப்படுகிறது. ஆனால் ஊதாமல் விடுவதும் ஒரு தீர்ப்புதான். அது தடுப்பவர் பக்கம் சாய்ந்த தீர்ப்பு. இந்தப் பழக்கத்தால்தான், கடைசி நொடியில் யாரோ ஒரு நடுவர் விதிப்படி ஊதிவிட்டால், 2024-இல் கிளீவ்லாந்தில் நடந்ததுபோல, அது வரம்பு மீறல் போலத் தெரிகிறது.

ஒரு விசிலின் விலை

கல்லூரி ஆட்டத்தில் ஐந்தாவது ஃபவுலோடு ஆட்டக்காரர் வெளியேற வேண்டும். என்பிஏ-வில் ஆறாவது ஃபவுலில்தான் வெளியேற்றம். எனவே கல்லூரி விசில் ஒவ்வொன்றும் கூடுதல் கனமுடையது. முதல் பாதியில் இரண்டு ஃபவுல் பெற்றவரைப் பாதி முடியும் வரை வெளியே உட்கார வைப்பது பல பயிற்சியாளர்களின் வழக்கம். ஆகவே ஐயத்துக்குரிய ஒரு விசில், சிறந்த ஆட்டக்காரரைப் பத்து நிமிடங்களுக்குக் களத்திலிருந்து நீக்கிவிடக்கூடும். 2023 மகளிர் இறுதியாட்டத்தில் அயோவாவின் கெய்ட்லின் கிளார்க், பந்தை முதுகுப்புறமாகத் தட்டிவிட்டதற்காக ஒரு டெக்னிக்கல் ஃபவுல் (உடல் மோதலுக்கல்லாமல் நடத்தைக்காக விதிக்கப்படுவது) பெற்றார். அது அவருடைய நான்காவது ஃபவுலாகக் கணக்கில் சேர்ந்தது. எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 102-85 என்று வென்ற அந்த ஆட்டத்தில் அந்த விசில் இல்லாவிட்டாலும் முடிவு மாறியிருக்காது என்று வாதிடலாம். ஆனால் மூன்றாம் கால்பகுதியில் நான்கு ஃபவுல்களோடு நிற்பவர் தடுப்பாட்டத்தில் யாரையும் நெருங்கத் துணியமாட்டார் என்பதும் உண்மை.

அணிக் கணக்கு வேறு. ஆடவர் ஆட்டத்தில் ஒரு பாதியில் எதிரணியின் ஏழாவது ஃபவுலிலிருந்து ‘ஒன்றுக்கு ஒன்று’ கிடைக்கும்: முதல் தனி எறிதல் புள்ளியானால்தான் இரண்டாவது உண்டு. பத்தாவதிலிருந்து இரண்டும் உறுதி. மேலே சொன்ன 2025 அரையிறுதியில், ஃபிளாக் மீதான ஃபவுல் பிறந்ததே டியூக்கின் டைரீஸ் ப்ராக்டர் அத்தகைய முதல் எறிதலைத் தவறவிட்டு, பந்து வளையத்தில் பட்டுத் திரும்பிய வேளையில்தான். மகளிர் ஆட்டம் 2015-16 முதல் நான்கு கால்பகுதிகளுக்கு மாறி, ஒவ்வொரு கால்பகுதியிலும் ஐந்தாவது ஃபவுலிலிருந்து இரண்டு எறிதல்கள் என்று எளிமையாக்கிக்கொண்டது. ஆடவர் ஆட்டம் இன்னும் இரண்டு பாதிகளில்தான் ஓடுகிறது. முதல் எட்டு நிமிடங்களில் ஊதித் தீர்க்கும் நடுவர் குழு அமைந்துவிட்டால், எஞ்சிய பாதி முழுவதும் ஆட்டம் தனி எறிதல் கோட்டிலேயே முடங்குகிறது. 2017-இல் நார்த் கரோலைனா 71-65 என கொன்சாகாவை வென்ற இறுதியாட்டத்தில் மொத்தம் 44 ஃபவுல்கள் அறிவிக்கப்பட்டன. தேசத்தின் மிகச் சிறந்த இரு அணிகளின் ஆட்டம் என்பதற்காக அல்ல, இடைவிடாத விசிலுக்காகவே பலர் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஒளிப்பதிவு எதைத் திருத்தும், எதைத் திருத்தாது?

‘இவ்வளவு கேமராக்கள் இருக்க, பார்த்துத் திருத்த வேண்டியதுதானே?’ என்ற கேள்விக்கு வரலாறு சில பதில்களை வைத்திருக்கிறது.

2015 தேசியப் போட்டியில் தங்கள் முதல் ஆட்டத்தில் எஸ்எம்யூ (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்) அணி, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமான யூசிஎல்ஏ-வை விட இரண்டு புள்ளி முன்னால் இருந்தது. யூசிஎல்ஏ-வின் பிரைஸ் ஆல்ஃபோர்டு எறிந்த மூன்று புள்ளி எறிதல் இலக்கு தவறி இறங்கிக்கொண்டிருந்ததாகப் பலருக்குத் தோன்றியது. எஸ்எம்யூ ஆட்டக்காரரின் கை அதில் பட்டதும், இறங்கும் பந்தைத் தொட்ட குற்றத்துக்காக மூன்று புள்ளிகள் வழங்கப்பட்டன. யூசிஎல்ஏ 60-59 என வென்றது. அந்த வகைத் தீர்ப்பை ஒளிப்பதிவில் மறுபார்வை செய்ய அன்றைய விதியில் இடமில்லை.

2017-இல், தன் வரலாற்றிலேயே முதன்முறையாகத் தேசியப் போட்டிக்கு வந்த நார்த்வெஸ்டர்ன், பெரும் பின்னடைவிலிருந்து மீண்டு கொன்சாகாவை நெருங்கிக்கொண்டிருந்தது. கொன்சாகாவின் ஸாக் காலின்ஸ் வளையத்தின் ஊடாகக் கீழிருந்து கையை விட்டுப் பந்தைத் தடுத்தார். அது தெளிவான விதிமீறல், விசில் வரவில்லை. ஆத்திரத்தில் களத்துக்குள் ஓடிய நார்த்வெஸ்டர்ன் பயிற்சியாளருக்கு டெக்னிக்கல் ஃபவுல் வந்தது. கிடைக்க வேண்டிய இரண்டு புள்ளிகள் போனதோடு, எதிரணிக்குத் தனி எறிதல்களும் கிடைத்தன. தீர்ப்பு தவறவிடப்பட்டதைப் பின்னர் என்சிஏஏ ஒப்புக்கொண்டது. ஒப்புதலால் பலகை மாறுவதில்லை. ஆட்டம் 79-73 என்றே பதிவாகியிருக்கிறது.

2019 அரையிறுதி இன்னும் நுட்பமானது. ஆபர்ன் 62-60 என முன்னிலையில் இருந்தபோது, 0.6 விநாடி எஞ்சிய நிலையில், மூன்று புள்ளி எறிதலுக்கு எழும்பிய விர்ஜீனியாவின் கைல் கை என்ற ஆட்டக்காரர் மீது ஃபவுல் நடந்ததாக அறிவிக்கப்பட்டது. அவர் மூன்று தனி எறிதல்களையும் போட்டு 63-62 என வெல்ல வைத்தார். விர்ஜீனியா அடுத்த ஆட்டத்தில் பட்டமும் வென்றது. அந்த ஃபவுல் சரியானதே என்று என்சிஏஏ விளக்கம் தந்தது; ஒளிப்பதிவும் அதையே காட்டுகிறது. ஆனால் அதற்குச் சில விநாடிகளுக்கு முன், டை ஜெரோம் பந்து தம் காலில் பட்டுத் தெறித்ததும் அதை இரு கைகளால் பிடித்துவிட்டு மறுபடி தட்டி ஓடியது நடுவர்கள் கண்ணில் படவில்லை. சரியான தீர்ப்பு ஒன்று, தவறவிட்ட தீர்ப்பு ஒன்றின் மேல் கட்டப்பட்டது. இரண்டாவதை மறுபார்வை செய்ய விதியில் வழியில்லை.

இத்தகைய புகார்களுக்குப் பதிலாகவே 2025-26 பருவத்திலிருந்து ஆடவர் ஆட்டத்தில் பயிற்சியாளர் முறையீடு அறிமுகமானது. கையிருப்பில் ஓர் இடைவேளை (ஆட்டத்தை நிறுத்தக் கேட்கும் ‘டைம் அவுட்’) இருக்கும் பயிற்சியாளர் மூன்று வகைத் தீர்ப்புகளை எதிர்த்து முறையிடலாம்: பந்து யார் கை பட்டு எல்லைக்கு வெளியே போனது, இறங்கும் பந்தையோ வளையத்தையோ தொட்ட குற்றம், இரண்டாம் நிலைத் தடுப்பாளர் வளைகோட்டுக்கு உள்ளே இருந்தாரா என்பது. முறையீடு வென்றால் இன்னொரு வாய்ப்பு கிடைக்கும்.

இந்த மூன்றுக்கும் பொதுவாக ஒன்று இருப்பதைக் கவனியுங்கள். அவை எல்லாம் இடத்தையும் தொடுதலையும் பற்றிய கேள்விகள். உறைந்த ஒரு படம் பதில் சொல்லிவிடும். தடுப்பவர் வளைகோட்டுக்கு வெளியே நின்றார் என்பதை ஒளிப்பதிவு காட்டும். மோதலில் குற்றம் யாருடையது என்பதை முறையீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நாம் தொடக்கத்தில் பிரித்த வகைகளில் முதலாவதான தவறவிட்ட தீர்ப்பில் ஒரு பகுதி இதனால் குறையும். ரசிகரை உண்மையில் எரிச்சலூட்டும் மற்ற மூன்று வகைகளையும் இது தொடவே இல்லை.

மூடிய மதிப்பெண் பட்டியல்

என்பிஏ, 2015 மார்ச் முதல், நெருக்கமாக முடியும் ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடங்களை விசில் விசிலாகப் பிரித்து, எது சரி, எது தவறு, எது தவறவிடப்பட்டது என்று மறுநாளே பொதுவில் வெளியிடுகிறது. தோற்ற அணிக்கு அது ஆறுதல் அல்ல. சில நேரங்களில் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதும்கூட. ஆனால் நாளடைவில் அந்த அறிக்கைகளைப் படிக்கும் ரசிகர், அமைப்பு எந்த அளவுகோலை வைத்திருக்கிறது என்பதையாவது கற்றுக்கொள்கிறார்.

கல்லூரியில் இதற்கு இணையான முறையான ஏற்பாடு இல்லை. நடுவர்கள் மதிப்பிடப்படாமல் இல்லை: ஒருங்கிணைப்பாளர்கள் ஒளிப்பதிவுகளைப் பார்க்கிறார்கள், மதிப்பெண் போடுகிறார்கள், பயிற்சியாளர்கள் ஐயங்களை அனுப்புகிறார்கள், தேசியப் போட்டியில் ஒவ்வொரு சுற்றிலும் நடுவர் பட்டியல் சுருங்கிச் சுருங்கி, நன்றாகச் செய்தவர்கள் மட்டுமே இறுதி வரை போகிறார்கள். ஆனால் அந்த மதிப்பெண் பட்டியல் வெளியே வருவதில்லை. எப்போதாவது பெரிய சர்ச்சை எழுந்தால் ஒரு பத்தி அறிக்கை வரும். நடுவரைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் பயிற்சியாளருக்குக் கான்ஃபரன்ஸ் கண்டனமோ அபராதமோ விதிக்கிறது. பேசத் தகுதியுள்ளவர்கள் பேசக் கூடாது, பேச வேண்டியவர்கள் பேசுவதில்லை என்ற நிலையில், வெற்றிடத்தை நிரப்புவது சதிக்கதைகள்தாம்.

எல்லா நடுவர்களையும் ஒரே தேசிய அலுவலகத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்ற யோசனை பழையது. செலவை யார் ஏற்பது, பணம் கொழிக்கும் கான்ஃபரன்ஸ்கள் தங்கள் பிடியை விட்டுக்கொடுக்குமா என்ற இரண்டு கேள்விகளில் அது எப்போதும் சிக்கிக்கொள்கிறது. அதைவிட மலிவானது மதிப்பீடுகளை வெளியிடுவது. அதற்குக் கூடுதல் கேமராவும் தேவையில்லை, புதிய விதியும் தேவையில்லை. அது நடக்காமல் இருப்பதற்குப் பணத்தைக் காரணம் காட்ட முடியாது.

மகளிர் ஆட்டத்தில் பயிற்சியாளர் முறையீடு, ஆடவர் ஆட்டத்துக்கு ஓராண்டு முன்பே, 2024-25 பருவத்தில் வந்துவிட்டது. கிளீவ்லாந்து அரையிறுதி நடந்து சில மாதங்களில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு அது. பந்து எல்லை தாண்டியதா, ஃபவுல் சரியான ஆட்டக்காரர் பெயரில் எழுதப்பட்டதா என்பவை போன்றவற்றுக்கு அதில் இடம் உண்டு. மறைப்பாக நின்றவர் நகர்ந்தாரா, அந்த நகர்வு ஃபவுல் ஆகும் அளவுக்கு இருந்ததா என்பதற்கு இடமில்லை. அதே 3.9 விநாடியில் அதே விசில் இன்று ஒலித்தாலும், கனெக்டிகட் பயிற்சியாளரால் அதை எதிர்த்து முறையிட முடியாது.